பேனாப்பிடியும் அக்காவின் முட்டியும்

“…முட்டி இருக்கிற இருப்புல இன்னும் உன்னச் சுத்திச் சுத்தி ஓட என்னால முடியாதுடி. ஒண்ணு, அந்தப் பிடிய மாத்து. இல்லன்னா ஜோடிய மாத்திக்குவோம். அவ்ளோதான் லா.”

அக்கா இதைச் சொன்னபோது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது செட்டுக்கு முன்னால் நடுவர் கொடுத்த ஒரு நிமிஷ ஓய்வு. பண்டார் பாரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை. காற்றில் பந்து விலகுகிறதென்று விசிறிகளை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது முட்டியின் பட்டையைக் கழற்றித் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. செர்டாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. ஒரே பலகைச் சுவர்தான் நடுவில். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவர்கள் வேதக்காரக் குடும்பம். நாங்கள் முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொள்கிற குடும்பம். இன்றைக்கும் சர்வீஸ் போடும் முன் அவள் சிலுவை போட்டுக்கொள்வாள், நான் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். “ரெண்டு பக்கமும் சொல்லி வச்சாச்சு, இனி பந்து எங்க போவும்?” என்பாள்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான பிங்போங் இரட்டையர் ஆட்டம் அது. எங்கள் ஊர் செர்டாங், பண்டார் பாரு, யான் என்று மூன்று ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை கூடி ஆடுவோம். பரிசு என்று சொன்னால் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் ஆளுக்கு ஒரு துண்டும்தான். கோப்பை எனக்குப் பெரிய விஷயமில்லை. அடுத்த வருஷம் அக்காவின் பக்கத்தில் யார் நிற்பது என்பதுதான் அன்றைக்கு என் கவலை. ஏனென்றால் ஓய்வுபெற்ற சீன டீச்சர் ஒருவர் போன வருஷம் செர்டாங்குக்குக் குடி வந்திருந்தார். இரண்டு பக்கமும் சுத்தமாக ஆடுகிறவர். மரியாதையான மனுஷி. அக்காவிடம் இரண்டு தரம் கேட்டும்விட்டார், என்னை வைத்துக்கொண்டே: “நாம ஒரு தடவ சேர்ந்து ஆடிப் பார்ப்போமா?” அக்கா இரண்டு தரமும் சிரித்து மழுப்பினாள். மூன்றாவது தரம் மழுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். டீச்சர் அன்றைக்கு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார், எங்களுக்காகக் கைதட்டியபடி.

அந்தப் பிடி என்று அவள் சொன்னது என்னவென்று விளையாடாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிங்போங் பேட்டை இரண்டு விதமாகப் பிடிப்பார்கள். ஒருவருக்குக் கை கொடுப்பதுபோல் கைப்பிடியை முழுசாகப் பற்றுவது ஒன்று; இப்போது பத்தில் ஒன்பது பேர் அப்படித்தான். மற்றது என்னுடையது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முன்பக்கம், மீதி மூன்று விரலும் பின்பக்கம், பேட்டின் தலை தரையைப் பார்த்துத் தொங்கும். பேனா பிடிக்கிற மாதிரி.

அதில் மணிக்கட்டு காற்றாய்ச் சுழலும். சர்வீஸ் போட்டால் எதிராளி பந்து எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து அவரைத் தாண்டியிருக்கும். வலை ஓரத்துக் குட்டிப் பந்துகளுக்கு அதுபோல ஒன்றும் வராது. ஆனால் இடப்பக்கம் இருக்கிறதே, அங்கேதான் இடிக்கும். பேட்டின் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு அங்கே தள்ளலாம், தடுக்கலாம், ஓங்கி அடிக்க முடியாது. அதனால் பேனாப்பிடிக்காரர்கள் என்ன செய்வோம்? இடப்பக்கம் வருகிற பந்துக்கும் காலால் ஓடி, மேசையின் இடது மூலைக்கே வெளியே போய், வலப்பக்க அடியையே அடிப்போம். தனியாக ஆடினால் ஓட்டம் எனக்கு. ஜோடியாக ஆடும்போது, நான் ஒன்று அவள் ஒன்று என்று மாறி மாறி அடிக்க வேண்டும் அல்லவா? நான் இடது மூலையில் போய் நின்றுவிட்டால், அவள் என் முதுகுக்குப் பின்னால் சுற்றி ஓடி வந்து அடுத்த பந்தைப் பிடிக்க வேண்டும். ஓட்டத்துக்கு விலை கொடுப்பது அவள் முட்டி.

இந்தப் பிடியை எனக்குக் கொடுத்தவளே அவள்தான் என்பதை அவள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

எங்கள் தோட்டத்துக் கிளப்பில் ஒரு மேசை, இரண்டு பேட். ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. ஒரு தீபாவளிக்கு வெள்ளித்திரை கட்ட ஆணி அடிக்கச் சுத்தியல் கிடைக்காமல் ஓர் அண்ணன் பேட்டைத் தூக்கிக்கொண்டு போனார். ஆணி இறங்கியது, கைப்பிடி பிளந்தது. எங்கப்பா பால்மரம் வெட்டுகிறவர். பிளந்ததைத் தன் பால்வெட்டுக் கத்தியால் சீவி, இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கட்டையாக மிச்சம் வைத்து, சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கொடுத்தார். அதற்கு மொட்டை பேட் என்று பெயர் வந்துவிட்டது. முழுக் கையால் பற்ற அதில் இடமே இல்லை. விரலால்தான் பிடிக்க முடியும்.

ஆண்பிள்ளைகள் பந்தடிக்கத் திடலுக்குப் போகிற நேரம்தான் எங்களுக்கு மேசை கிடைக்கும். இரண்டு பேரும் ஓடுவோம். அவள் கால் நீளம். தினமும் நல்ல பேட் அவள் கையில் இருக்கும்.

“நாளைக்காச்சும் மாத்திக்கலாம்கா.”

“மூத்தவளுக்கு முழுசு, இளையவளுக்கு மொட்ட. பைபிள்ல இருக்கு.”

பைபிளில் இல்லை என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆனது.

அதோடு விட்டாளா? அவள் பேட்டின் ஒரு பக்க ரப்பர் கிழிந்தபோது என்னுடையதைத் திருப்பிப் பார்த்தாள். “ஒனக்கு இந்தப் பக்கம் எதுக்கு? நீதான் இதுல அடிக்கிறதே இல்லையே.” பேசிக்கொண்டே நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிட்டாள். அன்றிலிருந்து என் பேட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் வெறும் பலகை.

உரித்ததை அவள் பேட்டில் ஒட்ட வேண்டுமே. பசை வாங்க யார் கடைக்குப் போவது? சுற்றிலும் மரம். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருந்த பாலை ஒரு விரலால் எடுத்துத் தடவினால் ஒட்டாதா? ஒட்டும். அதை அப்படியே விட்டிருந்தால் நன்றாகத்தான் ஒட்டியிருக்கும். நான்தான் கெட்டிக்காரி ஆனேன். பால் நிறுக்கிற ஸ்டோரில் பால் சீக்கிரம் உறைய ஆசிட் ஊற்றுவார்கள், பார்த்திருக்கிறேன். சீக்கிரம் உறைந்தால் சீக்கிரம் ஒட்டும் என்று கணக்குப் போட்டு, ஆசிட் குப்பியின் அடியில் மிச்சம் கிடந்ததில் இரண்டு சொட்டு விட்டேன். பால் தயிராய்க் கட்டியது. அதன்மேல் ரப்பரை வைத்து, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்து, மூன்று நாள் பொறுத்தோம். ஊரே உறைந்து நாறுகிற ஒட்டுப்பால் வாடையில் வாழும்போது எங்களுக்கு என்ன வாடை தெரியப்போகிறது?

நான்காம் நாள் பண்டார் பாருவில் போட்டி. டவுன் பிள்ளைகள் மேசைக்கு வந்ததும் மூக்கைப் பொத்தினார்கள். எங்களுக்கு ஏன் என்றே புரியவில்லை. நடுவர் இரும்புக்கடைத் தவுக்கே, சீன முதலாளி. அதற்கு முன்னால் தோட்டம் தோட்டமாய்ப் போய் ஒட்டுப்பால் வாங்கியவர். அக்காவின் பேட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, மலாயில் கேட்டார்: “இத நான் கிலோவுக்கு எடுத்துக்கட்டுமா?”

மண்டபம் சிரித்தது. அக்கா பேட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஆட்டம் தொடங்கி ஐந்தாறு பந்து போயிருக்கும், அவள் இடப்பக்கம் வந்ததை ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து ஒரு பக்கம் போனது, ரப்பர் ஒரு பக்கம் போனது. ரப்பர் எதிர்ப்பக்கப் பிள்ளையின் தோளில் சப்பென்று போய் உட்கார, அவள் பல்லியென்று நினைத்து அலறி நாற்காலிமேல் ஏறினாள். தவுக்கே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயிண்டை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் திரும்பப் போடச் சொன்னார். தோற்றுத்தான் போனோம்.

ஆனால் போகும்போது தவுக்கே என்னைக் கூப்பிட்டார். என் கையையும் மொட்டை பேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இது சீனாக்காரங்க பிடி. பெரிய பெரிய ஆளுங்க இப்படித்தான் பிடிப்பாங்க. தோட்டத்துப் பிள்ளைக்கு யார் சொல்லிக்குடுத்தா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றாள். “நான்தான் தவுக்கே.”

பொய் என்று எப்படிச் சொல்வது? தினமும் நல்ல பேட்டைப் பிடுங்கியவள் அவள்தானே.

பிறகு கல்யாணம், பிள்ளைகள். நான் கையுறை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனேன், அவள் பள்ளிக்கூடக் கேண்டீனில் அடுப்பு முன்னால் நின்று நின்றே முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் பேட்டைத் தொடவில்லை. செர்டாங்கில் மண்டபத்துக்குப் புதிதாக மேசை வந்ததென்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சும்மா எட்டிப் பார்த்தால், அங்கே அவள், கையில் கூடையோடு, என்னைப்போலவே சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் மழையோ வெயிலோ சனிக்கிழமை தவறியதில்லை. நான் கடையில் போய் வாங்கியதும் கைப்பிடி கட்டையான பேட்தான். கை வேறு எதையும் ஏற்கவில்லை.

மண்டபத்துக்கு வரும் இளசுகளுக்கு என் பிடி ஒரு வேடிக்கை. ஒருவன் சொன்னான்: “ஆண்ட்டி, உங்க பிடி பட்டன் போன் மாதிரி லா. பேசலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது.”

“பட்டன் போன் பேட்டரி ஒரு வாரம் நிக்கும் தம்பி. உன்னுது மத்தியானமே படுத்துருதே.”

சொல்லிவிட்டேனே தவிர, அவன் சொன்னது வீட்டுக்கு என் கூடவே வந்தது. இப்போதைய ஆட்டம் அவ்வளவு வேகம். எல்லாரும் இரண்டு பக்கமும் அடிக்கிறார்கள். ஓடிப்போய் மூலையில் நிற்பதற்குள் பந்து வலப்பக்கம் போய்விடுகிறது. பேனாப்பிடி இனி தாங்குமா என்று கேட்டால், என் அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலை நம்பி ஆடுகிற பழைய ஆட்டம் தாங்காது. எனக்கு வருத்தம்தான், ஆனால் தாங்காது. போனில் ஆட்டங்களைப் பார்த்தேன். இன்றைக்கும் பேனாப்பிடியோடு பெரிய மேசைகளில் நிற்கிறவர்கள் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள். இடப்பக்கம் பந்து வந்தால் ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே மணிக்கட்டை உள்ளே மடக்கி, பேட்டின் முதுகால் சுண்டுகிறார்கள். கை குலுக்கிப் பிடிக்கிறவன் அடிக்கிற அதே அடி. கூடவே பேனாப்பிடியின் சர்வீஸும் குட்டிப் பந்தும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் உழைப்பு இரட்டிப்பு. சொல்லிக்கொடுக்கிற ஆளும் குறைவு. அதனால்தான் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருவதில்லை என்று நினைக்கிறேன். பிடியில் உயிர் இருக்கிறது. பிடிக்கத்தான் கை வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு ரப்பரும் ஒரு சின்னக் குப்பி பசையும் வாங்கினேன். சமையலறை மேசையில் வைத்துக் குப்பியைத் திறந்தேன். வெள்ளைப் பசை. பக்கத்தில் கொண்டுபோனதும் மூக்கில் அமோனியா சுள்ளென்று ஏறியது. தோட்டத்து ஸ்டோர். பால் நிறுக்கிற நேரம். வரிசையில் வாளியோடு அப்பா, எனக்குப் பின்னால் ஒற்றைச் சடையை வாயில் கடித்துக்கொண்டு அக்கா. குப்பியின் முதுகில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். கித்தாப் பால்தான், அதே ரப்பர் மரத்துப் பால்! அன்றைக்கு மங்கிலிருந்து ஓசியில் எடுத்ததைத்தான் இன்றைக்குக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். இந்தத் தடவை ஆசிட் விடவில்லை. விரலால் மெல்லப் பரப்பி, காய்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து முகர்ந்துகொண்டிருந்தேன்.

அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். “கெழவி முதுகுக்குப் பவுடர் போட்டிருக்கா.”

ஆறு மாதம் சமையலறைச் சுவரில் அடித்துப் பழகினேன். அப்பா மரம் வெட்டும்போது சொல்வார், “பட்டையச் சீவு, மரத்தத் தொடாத.” பந்துக்கும் அதேதான், தோலை மட்டும் சீவ வேண்டும். சுவரோடு ஆடும்போது வந்தது. “சுவத்துக்கு வாயிருந்தா இந்நேரம் போலீசுக்குப் போயிருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யான் ஊர் ஜோடியோடு முதல் செட்டில் மூன்று தரம் முதுகால் சுண்டினேன். இரண்டு வலையில் விழுந்தது. மூன்றாவது எகிறிப்போய் நின்றிருந்த விசிறியின் இறக்கையில் பட்டு, விசிறி அரைச் சுற்று சுற்றியது. செட் போனது. நான் பயந்து பழைய ஆட்டத்துக்கே திரும்பினேன். ஓடினேன், இடது மூலையில் நின்று விளாசினேன். அடுத்த இரண்டு செட் எங்களுக்கு. பின்னால் டீச்சர் கைதட்டினார். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அக்கா என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்.

நாலாவது செட்டில் ஒரு தரம் அவள் என் பின்னால் சுற்றி வரும்போது முட்டி மடங்கி, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். யான் ஜோடி இரண்டு மலாய்ப் பெண்கள், நாத்தனார்கள். “காக், முட்டி ஓகேயா?” என்று, மலாயில் அக்கா என்று கூப்பிட்டு, உண்மையான அக்கறையோடு ஓடிவந்து கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போய் அடுத்த பந்திலிருந்து ஒவ்வொன்றையும் என் இடப்பக்கமே போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்கறை அக்கறையோடு, ஆட்டம் ஆட்டத்தோடு. நாலாவது செட் போனது.

அப்புறம்தான் அந்த நாற்காலியும் முட்டிப் பட்டையும் அவள் சொன்ன வார்த்தையும்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“பிடிய மாத்த முடியாதுக்கா. இந்த வயசுல ஒரு நிமிஷத்துல மாத்துனா பேட் எகிறி நடுவர் மண்டையில விழும். பக்கத்த மாத்துறேன்.”

“மொத செட்டுல மாத்துனியே. பந்து விசிறிக்குப் போச்சு.”

“அது பயந்து அடிச்சது.”

“இப்ப பயம் போச்சாக்கும்?”

“போகல. நீ விழுந்துருவியோன்னு பயம் அதவிடப் பெருசா இருக்கு.”

அவள் பட்டையின் கடைசிச் சுற்றை இறுக்கினாள். நான் பேட்டைத் திருப்பி அந்தச் சிவப்புப் பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“இந்தப் பக்கத்த உரிச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா?”

அவள் குனிந்து ரப்பரை முகர்ந்தாள். கொஞ்ச நேரம் மூக்கை எடுக்கவில்லை.

“ஸ்டோரு வாடை அடிக்குதுடி,” என்றாள்.

“ஆசிட் விடல.”

நடுவர் கூப்பிட்டார். ஐந்தாவது செட்டில் முதல் சர்வீஸ் எங்களுடையது. இரண்டு பேரில் யார் போடுவதென்று நாங்களே வைத்துக்கொள்ளலாம். கடைசிச் செட் என்றால் எப்போதும் அவள்தான், மூத்தவளுக்கு முழுசு. நான் போடும்போது வழக்கமாக அவள் எனக்கு ஓர் எட்டுப் பின்னால், வலப்பக்கமாகத் தள்ளி நிற்பாள், நான் இடது மூலைக்கு ஓட வழி விட்டு.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள். நேரே நடந்துபோய், நான் இத்தனை வருஷமாக ஓடிப்போய் நிற்கிற அந்த இடது மூலையில், எனக்கு ஓடிவர ஓர் அடி வைக்கக்கூட இடம் இல்லாதபடி, காலை அகட்டி நின்றுகொண்டாள்.